பின்ஹூக் பாலத்துக்கு ஒரு பாவ அறிக்கை

எங்கள் டாலிவர் கவுண்டியில் ஒரு காரியம் நடக்கக் கூடாது என்றால் அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஜெபத்தில் வைத்துவிடுவார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது நாகரிகமில்லாதவர்கள் செய்கிற வேலை. அலபாமாவில் அதெல்லாம் கிடையாது. "பிரதர், உங்க விஷயத்தை ஜெபத்துல வச்சிருக்கோம்" என்று தோளில் கைபோட்டுச் சொல்லிவிட்டால் விஷயம் செத்துவிட்டது, அடக்கம்தான் பாக்கி என்று அர்த்தம். இது எனக்குப் புரிய ஆறு வருடம் ஆனது. என் மனைவி வெர்னீட்டாவுக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

என் பெயர் லீமன் காஸ்கின்ஸ். முப்பத்தோரு வருடம் தபால் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். பின்ஹூக் ஓடைக்கு அந்தப் பக்கம் எண்பது வீடுகள் இருக்கின்றன, என் வீடும் அதில் ஒன்று. எல்லாம் எங்கள் ஆட்கள், கறுப்பர்கள். இந்தப் பக்கம் கடைவீதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வாக்குச்சாவடி. நடுவில் ஒரு பாலம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் வந்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து இருபத்து மூன்று மைல் சுற்றித்தான் இந்தப் பக்கம் வரவேண்டும்.

எங்கள் கவுண்டியில் ஒரே கட்சிதான். இன்னொரு கட்சியும் இருக்கிறது என்று பேப்பரில் படித்திருக்கிறேன். கட்சியின் எல்லா முடிவும் மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும் ஆண்கள் ஜெபக் காலைச் சாப்பாட்டில்தான் எடுக்கப்படும். பாலம் வேண்டுமானால் அங்கே போய் உட்கார வேண்டும் என்றார்கள். போய் உட்கார்ந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கட்சித் தலைவர் ராய்ஸ் ஹடில்ஸ்டன், கார் வியாபாரி, எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே போட்டோகிராபர் பக்கம் திரும்பினார். அடுத்த மாதம் கட்சி மலர் வந்தபோது நான் அதில் நான்கு இடங்களில் இருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் வேறு சட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மலரின் கடைசிப் பக்கத்தில் 'நம் கட்சியின் கறுப்புச் சகோதரர்கள்' என்று பன்மையில் போட்டிருந்தார்கள். நானும் மற்ற மூன்று பேரும் நன்றாகத்தான் இருந்தோம்.

சமையல் பெண்களுடையது. உறுப்பினர்களின் மனைவிமார் விடியுமுன் வந்து சாசேஜ், சோள ரவைக் கஞ்சி, சூடான ரொட்டி, அதற்கு மேலே ஊற்ற வெள்ளைக் குழம்பு எல்லாம் செய்து, பரிமாறும் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு உள்ளேயே நிற்பார்கள். வெர்னீட்டாவும் அவர்களோடு நின்றாள். ஒழுங்குமுறைப் புத்தகத்தில் பன்னிரண்டாவது விதி இப்படி இருக்கிறது: ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் பெண்கள் மைக்கைத் தொடக்கூடாது, பாவ அறிக்கை நீங்கலாக. அன்னையர் தினத்தன்று 'ஆண்டின் சிறந்த தாய்' விருது கொடுத்தபோதுகூட ராய்ஸ்தான் மேடையேறி வாங்கிக்கொண்டார். தாய்மையின் கஷ்டங்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பாதியில் குரல் உடைந்தது. ஜன்னலுக்கு அப்பால் எட்டுப் பிள்ளை பெற்ற ஒரு அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே உட்கார்ந்து மாதாமாதம் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். மாதாமாதம் ஜெபித்தார்கள். கண்ணீரோடு ஜெபித்தார்கள், முழங்காலில் நின்று ஜெபித்தார்கள், ஒருமுறை உபவாசம் இருந்தும் ஜெபித்தார்கள். அது உபவாசம்தானா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது, ஏனென்றால் அன்று ரொட்டி வழக்கத்தைவிட அதிகம் செலவானது.

போன குளிர்காலம் என் மச்சான், வெர்னீட்டாவின் தம்பி க்ளியோட்டிஸுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் நேரே ஓடையின் எதிர்க்கரைக்கு வந்து நின்றது. டிரைவர் புதியவர், பாலம் இல்லாதது தெரியாது. வாசலில் நின்று நாங்கள் அவரைப் பார்க்கிறோம், அவர் எங்களைப் பார்க்கிறார், நடுவில் தண்ணீர் ஓடுகிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் க்ளியோட்டிஸ் வெர்னீட்டாவின் மடியிலேயே போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை ராய்ஸ் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்: "ஆண்டவரே, இந்தச் சகோதரனுக்குப் பாலமே தேவைப்படாத ஒரு ஊர்ல வீடு குடுத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன். அன்று வீடு திரும்பும்வரை வெர்னீட்டா கார் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அந்த வசந்தத்தில் கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனில் எங்கள் வார்டுக்காக இருந்த கமிஷனர் ராஜினாமா செய்தார். குடும்பத்தோடு அதிக நேரம் செலவிடப் போவதாக அறிவித்தார். எந்தக் குடும்பத்தோடு என்பதை அறிவிக்கவில்லை. கமிஷனில் மொத்தம் ஐந்து பேர். காலியிடத்துக்கு என்னை நிறுத்தலாம் என்று ராய்ஸ் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போய்விட்டால் பாலத்தை நானே தீர்மானமாகக் கொண்டுவந்துவிடலாமே!

"ஒரே ஒரு சடங்கு இருக்கு பிரதர். தேர்வுக் குழு கொஞ்சம் பேசும்," என்றார் ராய்ஸ்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். ராய்ஸ், பல் டாக்டர் வெண்டல் க்ராப்ட்ரீ, பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற கோச் டர்னிப்சீட். கோச்சின் கழுத்தில் விசில் இன்னும் தொங்குகிறது.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "எத்தனை வருஷம் உள்ள இருந்தீங்க?"

"எதுக்குள்ள டாக்டர்?"

"ஜெயில்லதான்."

"ஜெயிலா? நான் போனதே இல்லையே."

"சும்மா ரெண்டு மூணு நாள்? ஒரு நாள்?"

"தபால் குடுக்கப் போயிருக்கேன்."

டாக்டர் எதையோ அடித்தார். "சரி, விடுங்க. சின்ன வயசுலயே அப்பா விட்டுட்டு ஓடிட்டாரா?"

"இல்லையே. நாலு வீடு தள்ளித்தான் இருக்கார். எண்பத்தெட்டு வயசு. இன்னிக்குக் காலையிலகூடப் புல்லு வெட்டிக்கிட்டிருந்தார்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க பிரதர். எங்க கண்ணுக்கு நிறமே தெரியாது. அதனாலதான் உங்களை மாதிரி ஒரு கறுப்பரை இவ்வளவு நாளாத் தேடிக்கிட்டிருந்தோம். ஆனா உங்ககிட்ட எதுவுமே இல்லையே! சாட்சி சொல்லணுமே, என்னத்தைச் சொல்லுவீங்க?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் கட்சியில் நிற்கிறவன் முதலில் ஜெபக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். முன்னால் எப்படிக் கெட்டுப் போனேன், ஆண்டவர் என்னை எப்படித் தூக்கினார் என்று அழுதுகொண்டே சொல்ல வேண்டும். முடித்ததும் சபை முழுக்க எழுந்து "மன்னித்தோம்!" என்று சத்தம் போடும். மன்னிக்கப்பட்டவன் ஜெயித்த மாதிரிதான்.

"நான் கெட்டே போகலையேங்க," என்றேன்.

"அதான் பிரச்சினை," என்றார் ராய்ஸ் அன்போடு. "ஜனங்க நல்லவனுக்கு ஓட்டுப் போட மாட்டாங்க பிரதர். நல்லவனைப் பாத்தா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும். மன்னிச்சு விட்டவனுக்குத்தான் போடுவாங்க. ஏன்னா அவன் அவங்க பிள்ளை மாதிரி. என்னையே எடுத்துக்குங்க. முதல் கல்யாணம் முறிஞ்சப்ப கமிஷனர் ஆனேன். ரெண்டாவது முறிஞ்சப்ப கட்சித் தலைவர். மூணாவதும் முறிஞ்சா மாநில செனட்டுன்னு பேசிக்கிறாங்க. வீட்டுக்காரிகிட்ட அதைச் சொல்லித்தான் பொறுமையா இரும்மான்னு வச்சிருக்கேன்."

"ஒரு பொம்பளை மூணு தடவை கட்டினா?" என்றேன்.

"அது குடும்பச் சீரழிவு," என்றார் கோச். "அதுக்குத் தனியாத் தீர்மானம் போட்டிருக்கோம்."

எனக்கும் ஏதாவது ஒரு பாவம் இருக்கும் என்று மூவரும் தேடத் தொடங்கினார்கள். நானும் ஒத்துழைத்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. "மாமியார் செய்யற உருளைக்கிழங்கு சாலட் நல்லாயிருக்குன்னு இருபது வருஷமாப் பொய் சொல்லியிருக்கேன்."

"அது பாவமில்ல," என்றார் கோச். "தற்காப்பு."

வேறு வழியில்லாமல் அவர்களே எனக்கு ஒரு வாழ்க்கை எழுதிக் கொடுத்தார்கள். அட்லாண்டாவில் போதை மருந்து, ஒரு கத்திக்குத்து, ரோஷெல், ஷான்டெல் என்று இரண்டு பெண்கள், எட்டு வருடம் சிறை, கடைசியில் சிறையிலேயே மனந்திரும்புதல். அட்லாண்டாவுக்கு நான் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன், ஒரு கல்யாணத்துக்கு. அன்று மாலையே திரும்பிவிட்டேன்.

பிறகு ஒத்திகை. கோச் விசிலோடு எதிரே நின்றார். "முதல் நிமிஷத்துல அழாதே காஸ்கின்ஸ்! அப்பவே அழுதா பயந்தாங்கொள்ளின்னு நினைப்பாங்க. மூணாவது நிமிஷத்துல உதடு துடிக்கணும். நாலுல ஒரு கண்ணு. ஒரே கண்ணு! அஞ்சுல ரெண்டும்." நான் இரண்டாவது நிமிடத்தில் தும்மிவிட்டேன். ஊதினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். பதினோராவது தடவை அந்தக் கத்திக்குத்து வாங்கியவனை நினைத்து எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெர்னீட்டா வாசித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"யாரு மனுஷா இந்த ரோஷெல்?"

"அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது வெர்னீட்டா."

"கிடையாதவளுக்கு ஏன் இவ்வளவு அழகான பேரு?"

"அதை பல் டாக்டர்தான் வச்சார்!"

"அவர் வச்சா நீ மனப்பாடம் பண்ணிடுவியா? என்னோட பொறந்த நாளை என்னிக்காவது மனப்பாடம் பண்ணியிருக்கியா?" தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். முகம் மாறிவிட்டது. "ஒண்ணு கேக்கறேன். உங்கப்பன் அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தா அவர் முன்னாடி இதைச் சொல்லுவியா?"

"பாலம் வேணுமே," என்றேன்.

"பாலம் வேணும். எனக்கும் வேணும். உன்னைவிட எனக்குத்தான் வேணும், செத்தது என் தம்பி. அதுக்காக நம்ம வீட்டு ஆம்பளைங்களை எல்லாம் ஜெயில்ல போட்டுட்டு ஒரு பாலம் வாங்கணுமா?"

"வேற என்னதான் வழி, நீயே சொல்லு தாயே."

"அந்த விதிப் புத்தகத்தை எடு," என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டாவது விதியை வாசித்தாள். ஒன்பதாவது விதியையும் வாசித்தாள். ஒன்பதாவது விதி ராய்ஸே எழுதியது. முன்னொரு நாள் அவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்போதைய மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரெண்டு பேரை விட்டுட்டீங்க" என்று பெயர்களை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து சாட்சியோ பாவ அறிக்கையோ சொல்லப்படும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. எதைச் சொன்னாலும் சபை மன்னிக்க வேண்டும். வெர்னீட்டா புத்தகத்தை மூடிவிட்டு ரொட்டிக்கு மாவு சலிக்கப் போனாள். பாட்டு வேறு பாடினாள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. முந்நூறு பேர். மேடையில் ராய்ஸ் என்னை அறிமுகப்படுத்தினார். "குப்பையிலிருந்து வந்த மாணிக்கம்," என்றார். மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் கோச் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான்..." என்றேன். என் அப்பா புல் வெட்டுகிற சத்தம் எங்கிருந்தோ கேட்பது போல இருந்தது. "நான் ஜெயிலுக்குப் போனதே இல்ல."

கூட்டத்தில் ஒரு பெரிய ஏமாற்றம் பரவியது. பின்னால் ஒருவர் ஐயோ என்றே சொல்லிவிட்டார். கோச் உதட்டைக் காட்டி, துடி, துடி என்று சைகை செய்தார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. வெர்னீட்டா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேடைக்குக் கீழே நின்றாள். "சேர்மன் பிரதர், நான் ஒரு பாவி. பாவ அறிக்கை செய்யணும். அனுமதி உண்டா?"

ராய்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. கெட்டுப்போன நிகழ்ச்சியை ஆண்டவரே ஒரு பெண்ணை அனுப்பிக் காப்பாற்றியிருக்கிறார். "வாங்க சிஸ்டர், வாங்க! பாரத்தை இறக்கி வைங்க!" என்றார். போட்டோகிராபர் ஓடிவந்தார்.

வெர்னீட்டா மைக்கை வாங்கிக்கொண்டாள். "சகோதரர்களே, என் பாவம் காதால செஞ்ச பாவம். ஆறு வருஷமா அந்த ஜன்னலுக்குப் பின்னாடி நிக்கறேன். நீங்க எல்லாரும் ரகசியம் பேசணும்னா சமையக்கட்டுப் பக்கம்தான் வருவீங்க. பொம்பளைங்க காதுல விழுந்தா விழுந்த கணக்கில்லைன்னு நினைச்சீங்க. எனக்கு விழுந்திடுச்சு. கேட்டுட்டேன். அதுதான் என் பாவம்."

"மன்னித்தோம்!" என்றது சபை உற்சாகமாக.

"நன்றி. முதல் பாவம். கோச் பிரதர் போன வருஷம் 'பெண்கள் அமைதியாய் இருக்கக் கடவர்கள்'னு ஒரு மணி நேரம் பேசினாரே, அதை முழுக்க எழுதினது அவர் வீட்டம்மா. பக்கத்து அடுப்பில நின்னு எழுதினாங்க. நாலாம் பக்கத்துல எங்கே மூச்சு விடணும்னு கூடக் குறிச்சுக் குடுத்தாங்க. நான் எட்டிப் பாத்தேன். என்னை மன்னியுங்க."

விசில் கோச்சின் வாயிலிருந்து விழுந்தது. சபை ஒரு கணம் தயங்கியது. ஆனால் விதி விதிதான். "மன்னித்தோம்," என்றது.

"ரெண்டாவது. உபவாச ஜெபம் நடந்த அன்னிக்கு, சேர்மன் பிரதர் பின்வாசல்ல நின்னு, ஆர்கன் வாசிக்கிற சிஸ்டர்கிட்ட, ஏரிக்கரை வீட்டுச் சாவி இதுதான், வீட்ல நாப்பது நாள் உபவாசம்னு சொல்லியிருக்கேன்னு சொன்னார். நான் அப்ப வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். காதை மூடியிருக்கணும். மூடலை. மன்னியுங்க."

இந்தமுறை முதல் குரல் ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது. "மன்னித்தோம்!" ராய்ஸின் மூன்றாவது மனைவியின் குரல். மாநில செனட்டே கையில் கிடைத்துவிட்ட மாதிரி உரக்க வந்தது. ராய்ஸ் வாயைத் திறந்தார். ஒன்பதாவது விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

வெர்னீட்டா பெருமூச்சு விட்டாள். "மூணாவது, ரொம்பப் பெரிய பாவம். டாக்டர் பிரதர் ரொட்டி வாங்க வந்தப்ப இன்னொருத்தர்கிட்ட சொன்னார். 'பாலத்தைக் கட்டிடாதீங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க வேலையை முடிச்சுட்டு இருபத்து மூணு மைல் சுத்தி வர்றதுக்குள்ள வாக்குச்சாவடியை மூடிடறோம். கட்டினா எண்பது குடும்பமும் வந்து நிக்கும். ஜெபத்துலயே இருக்கட்டும்'னார். கேட்டுட்டு நான் அவருக்கு ரெண்டு ரொட்டி கூடவே வச்சேன். என் தம்பி செத்து ரெண்டு வாரம்கூட ஆகலை. கூட வச்சேனே, அதுக்குத்தான் என்னை நானே மன்னிக்க முடியலை."

மன்னிக்கிற சத்தம் வரவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ ஒரு வயதானவர், வெள்ளைக்காரர்தான், மெதுவாக எழுந்து, "மன்னித்தோம் அம்மா," என்றார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர், எந்த நிமிடம் என்று யாருக்குத் தெரியும்.

"இன்னும் நிறைய இருக்கு சகோதரர்களே," என்றாள் வெர்னீட்டா சமாதானமாக. "சாசேஜ் ஆறுது, அதனால இன்னிக்கு இவ்வளவு போதும். மீதியை அடுத்த மாசம் சொல்றேன். இருபத்து மூணு மைல் கார்ல உக்காந்து வர்றப்ப ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. வழி கொஞ்சம் குட்டையா இருந்தா இவ்வளவு ஞாபகம் வராதோ என்னவோ. ஆமென்."

கமிஷனின் அவசரக் கூட்டம் பத்து நிமிடத்தில் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. நான்கு கமிஷனர்களும் கையில் தட்டோடு நின்றார்கள். பாலம் நான்குக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. ஆறு வருட ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார் என்று ராய்ஸ் அறிவித்தார். அடுத்தடுத்த மாதச் சனிக்கிழமைகளில் கோச்சும் டாக்டரும் ராய்ஸும் வரிசையாகச் சாட்சி சொல்லி, சரியாக ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு கண்ணாலும் அழுது, தங்கள் கட்சிப் பொறுப்புகளை முன்பைவிட அதிக வாக்குகளில் ஜெயித்தார்கள். என்னை நிறுத்தவில்லை. என்னிடம் இன்னும் சாட்சி இல்லையாம். என் இடத்தில் ராய்ஸின் மாப்பிள்ளையை நிறுத்தினார்கள். நல்ல பையன், ஜெயிலிலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்தான்.

ஏழு மாதத்தில் பாலம் எழும்பியது. அதற்கு ராய்ஸ் ஹடில்ஸ்டன் ஜெப வெற்றிப் பாலம் என்று பெயர் வைத்தார்கள். திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டும்போது ராய்ஸ் தானே வெட்டினார், ஆனால் வெர்னீட்டாவைப் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டார். முதல் பள்ளிப் பேருந்து எங்கள் கரைக்கு வந்தபோது வெர்னீட்டா அதைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆம்புலன்ஸ் அன்று வந்து நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராய்ஸ் அவள் பக்கம் குனிந்தார். சிரிப்பு போட்டோகிராபருக்கும் குரல் அவளுக்குமாக, "சிஸ்டர், இப்ப மனசுல பாரம் ஒண்ணும் இல்லையே?" என்றார்.

வெர்னீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பாலம் வரைக்கும் இறங்கிடுச்சு பிரதர். இந்த எங்க பக்கத்துக் குடிதண்ணிக் குழாய் விஷயத்துலதான் கொஞ்சம் உறுத்துது. நீங்க அன்னிக்கு அடுப்பங்கரையில சொன்னது..."

ராய்ஸ் கண்ணை மூடி, அவள் தோளில் கைபோட்டு, "அதை நாங்க ஜெபத்துல..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன்," என்றார்.